சின்ன வெப் சர்வருக்கு எந்த லினக்ஸ்? தேர்வு செய்வதிலிருந்து முதல் ரீபூட் வரை

1 ஜிபி ரேம், ஒரு சிபியு, 25 ஜிபி டிஸ்க். மாதம் சில நூறு ரூபாய் வாடகைக்குக் கிடைக்கும் இந்த அளவு மெஷினில்தான் நம்மில் நிறைய பேருடைய தளங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நான் பார்த்துக்கொள்வது அப்படி மூன்று: ஒரு ஊர் நூலகத்தின் புத்தகப் பட்டியல், உறவினர் ஒருவரின் விதைக் கடை, அப்புறம் என் சொந்தத் தளம். மெஷினை வாடகைக்கு எடுக்கும்போதே எந்த லினக்ஸ் வேண்டும் என்று கேட்டு வரிசையாகச் சின்னங்களைக் காட்டுவார்கள். எங்கோ கேள்விப்பட்ட பெயரைச் சொடுக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு சொடுக்குதான் அடுத்த நாலைந்து வருடம் நாம் என்னென்ன வேலை பார்க்கப்போகிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேகத்தை வைத்து டிஸ்ட்ரோ (டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகை) தேர்ந்தெடுக்க வேண்டாம். பக்கங்களைப் பரிமாறும் என்ஜின்எக்ஸ் எங்கே போட்டாலும் என்ஜின்எக்ஸ்தான், தளத்தின் நிரல் மொழியான பிஎச்பி எங்கே போட்டாலும் பிஎச்பிதான், ஒரு நாளைக்குச் சில ஆயிரம் பேர் வரும் தளத்தில் டிஸ்ட்ரோவால் வரும் வேக வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது. நீங்கள் சர்வர் பக்கமே போகாத மாதங்களில் அது தன்னைத் தானே எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. வீட்டில் கல்யாணம், பிள்ளைக்குப் பரீட்சை, வேலை மாற்றம் என்று மூன்று மாதம் லாகின் பண்ணாமல் விட்டுவிடுவோம். அந்த மூன்று மாதத்தை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதல் படி: ஒரு காகிதத்தில் நாலு வரி

ரேம் எவ்வளவு, என்ன ஓடப்போகிறது, எத்தனை வருடம் ஓட வேண்டும், யார் பார்த்துக்கொள்வார்கள். இந்த நாலையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்றுக்குப் பதில் சுலபம். நாலாவதுதான் எல்லோரும் தவறவிடுவது. நூலகத் தளத்தை என்னைத் தவிர இன்னொருவரும் பார்க்க வேண்டியிருந்தது, அவருக்குத் தெரிந்தது உபுண்டு மட்டும்தான், அதனால் அங்கே உபுண்டு போட்டேன், எனக்குப் பிடித்தது வேறாக இருந்தாலும். ராத்திரி 11 மணிக்குத் தளம் படுத்துவிட்டால் யார் எழுந்து உட்கார்வார்களோ அவர்களுக்குப் பழக்கமான டிஸ்ட்ரோதான் நல்ல டிஸ்ட்ரோ.

இரண்டாம் படி: முடிவுத் தேதியைப் பாருங்கள்

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கும் தேதி ஒன்று உண்டு. அதற்குப் பிறகு சர்வர் வழக்கம்போல ஓடும், ஒரு எச்சரிக்கையும் வராது, ஓட்டை மட்டும் அடைபடாமலே கிடக்கும்.

டெபியன் 13, 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளிவந்தது. மூன்று வருடம் முழு ஆதரவு, அதன்பின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) குழுவின் ஆதரவு, ஆக மொத்தம் 2030 ஜூன் வரை. உபுண்டு 24.04 எல்டிஎஸ் 2029 வரை. ஆல்மாலினக்ஸ் 9, 2032 மே வரை, 10 என்றால் 2035 வரை. ஆல்பைனின் ஒவ்வொரு கிளையும் சுமார் இரண்டு வருடம். ஃபெடோரா சுமார் 13 மாதம். இந்தத் தேதிகளைப் பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

தேதியை மட்டும் நம்பினாலும் போதாது. ரெட் ஹாட் நிறுவனத்தின் எண்டர்பிரைஸ் லினக்ஸுக்கு இலவச நகலான சென்ட்ஓஎஸ் 8 வந்தபோது 2029 வரை இருக்கும் என்று சொல்லப்பட்டிருந்தது. 2020 டிசம்பர் 8 அன்று அந்தத் தேதியை 2021 டிசம்பர் 31க்கு இழுத்துவிட்டார்கள். விதைக் கடை அப்போது சென்ட்ஓஎஸ் 8இல் இருந்தது. நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்த இடத்தில் ஒரே வருட அவகாசம், அதுவும் கடையில் விதை விற்பனை சூடாக இருந்த நேரத்தில். அந்த இடத்தை நிரப்பத்தான் 2021இல் ஆல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் வந்தன, நான் ஆல்மாவுக்கு மாறினேன். அன்றிலிருந்து தேதியோடு சேர்த்து இன்னொன்றையும் பார்க்கிறேன்: அந்தத் தேதியை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது. டெபியன் 1993இல் தொடங்கியது, ஒரு கம்பெனிக்குச் சொந்தமில்லாதது. சின்ன சர்வர்காரனுக்கு இது பெரிய விஷயம்.

டெபியன்

என் தளம் ஓடுவது இதில்தான், காரணம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்: இங்கே எதுவும் திடீரென்று மாறாது. சுமார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புது வெளியீடு வரும், நடுவில் பேக்கேஜ்களின் பதிப்பு எண்கள் அநேகமாக அப்படியே இருக்கும். டெபியன் 12 என்றால் பிஎச்பி 8.2, டேட்டாபேஸான மரியாடிபி 10.11. டெபியன் 13 என்றால் பிஎச்பி 8.4, மரியாடிபி 11.8. "பழைய பதிப்பாக இருக்கிறதே" என்று புதிதாக வருபவர்கள் பயப்படுவார்கள். பதிப்பு எண்தான் பழையது. புதுப் பதிப்பில் அடைக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டையை டெபியன் ஆட்கள் எடுத்து பழைய பதிப்புக்குள் தைத்துவிடுவார்கள், வெளியே தெரியும் எண் மட்டும் மாறாது. ஒருமுறை ஒரு வாடிக்கையாளரின் தணிக்கையாளர் "உங்கள் என்ஜின்எக்ஸ் காலாவதியானது" என்று நீளமான அறிக்கை அனுப்பினார், எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கேனர் அது. பேக்கேஜின் மாற்றப் பதிவை எடுத்து, அவர் குறிப்பிட்ட ஒவ்வொரு ஓட்டையும் எந்தத் தேதியில் அடைக்கப்பட்டது என்று வரிவரியாக அனுப்பினேன், ஒத்துக்கொண்டார்.

புதியதே பாதுகாப்பானது என்ற எண்ணத்தை 2024 மார்ச் 29 அன்று நடந்தது மாற்றிவிட வேண்டும். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் தூரத்திலிருந்து சர்வரில் லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைய ஒரு கள்ளக் கதவை யாரோ நுழைத்திருந்தார்கள். லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிக்கொண்டே போய் அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற, போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் நிரலாளர். அந்தப் பதிப்புகள் டெபியனின் சோதனைக் கிளைகளுக்கும் ஃபெடோராவின் முன்னோட்டக் கிளைகளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தன. டெபியன் ஸ்டேபிளுக்கும் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸுக்கும் போகவில்லை. மெதுவாக நடப்பதன் பலன் அன்றைக்குக் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

டெபியன் 13க்கு மாறுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், இதில் நான் அடிபட்டிருக்கிறேன். இந்த வெளியீட்டிலிருந்து தற்காலிக ஃபைல்களுக்கான டெம்ப் (/tmp) ஃபோல்டர் டிஸ்க்கில் இல்லை, ரேமில் இருக்கிறது, மொத்த ரேமில் பாதி வரை அது எடுத்துக்கொள்ளலாம். என் பேக்கப் ஸ்கிரிப்ட் பல வருடமாக டேட்டாபேஸையும் படங்களையும் டெம்ப்பில் கொட்டி, சுருக்கி, பிறகு வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. அப்கிரேட் செய்த அன்று ராத்திரி வழக்கம்போல ஸ்கிரிப்ட் ஓடியது, 1 ஜிபி ரேமில் பாதியை டெம்ப் விழுங்கியது, மிச்சத்தில் மூச்சு முட்டி, லினக்ஸின் மையமான கெர்னல் மரியாடிபியைக் கொன்றுவிட்டது. காலையில் தளத்தைத் திறந்தால் டேட்டாபேஸ் இணைப்பு இல்லை என்ற ஒற்றை வரி. தீர்வு சின்னதுதான்: பெரிய ஃபைல்களை வார் ஃபோல்டருக்குள் இருக்கும் டெம்ப்பில் (/var/tmp) எழுதச் சொல்லுங்கள், அது டிஸ்க்கில்தான் இருக்கிறது. இல்லையென்றால் டெம்ப்பை ரேமில் ஏற்றும் சிஸ்டம்டி மவுண்ட் யூனிட்டை (tmp.mount) மாஸ்க் செய்து, அதாவது முடக்கி, ரீபூட் செய்தால் பழையபடி டிஸ்க்குக்குப் போய்விடும்.

உபுண்டு

டெபியனிலிருந்து பிறந்ததால் முக்கால்வாசி ஒன்றுதான்: பேக்கேஜ்களை நிறுவும் அதே ஆப்ட், அதே ஃபோல்டர் அமைப்பு. இணையத்தில் இருக்கும் வழிகாட்டிகளில் பெரும்பகுதி உபுண்டுவை வைத்தே எழுதப்பட்டிருக்கும், புதிதாகக் கற்பவருக்கு அது உண்மையிலேயே பெரிய துணை. சர்வருக்கு எல்டிஎஸ் மட்டும் எடுங்கள், இரட்டைப்படை வருட ஏப்ரலில் வருவது. நடுவில் வருவதற்கு ஒன்பது மாத ஆதரவுதான்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. உபுண்டுவின் பேக்கேஜ்கள் மெயின், யூனிவர்ஸ் என்று பிரிந்து கிடக்கின்றன. மெயினில் இருப்பதற்கு ஐந்து வருடம் கனானிக்கல் நிறுவனமே திருத்தம் தரும். நோட்.ஜேஎஸ், ரெடிஸ் போன்றவை யூனிவர்ஸில் இருக்கின்றன, அதற்கான முழுப் பாதுகாப்புத் திருத்தங்கள் வேண்டுமென்றால் உபுண்டு ப்ரோவில் பதிவு செய்ய வேண்டும். தனிநபருக்கு ஐந்து மெஷின் வரை இலவசம், பத்து வருட ஆதரவும் கிடைக்கும். பதிவு செய்ய ஐந்து நிமிடம் ஆகும், செய்யாமல் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது எஸ்எஸ்எச். 22.10இலிருந்து உபுண்டுவில் எஸ்எஸ்எச் சர்வீஸ் சாக்கெட் வழியாக, அதாவது இணைப்பு வரும்போது, எழுப்பப்படுகிறது. போர்ட் எண்ணைக் கான்ஃபிக் ஃபைலில் மாற்றிவிட்டு சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் 24.04இல் பழைய போர்ட்டிலேயே நிற்கும், டீமன் ரீலோட் செய்து சாக்கெட்டையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்து ஃபயர்வாலில் எஸ்எஸ்எச்சின் வழக்கமான போர்ட் 22ஐயும் மூடிவிட்டு வெளியே நின்றவர்கள் உண்டு.

ஆல்மாலினக்ஸ், ராக்கி

நீண்ட ஆயுள்தான் இவற்றின் பலம். பத்து வருடம் ஒரே வெளியீட்டில் இருக்கலாம். சிபேனல் (தளங்களை நிர்வகிக்கும் மென்பொருள்) வேண்டும் என்றாலோ, அலுவலகத்தில் ரெட் ஹாட் பழகியவர் என்றாலோ யோசிக்காமல் இங்கே வாருங்கள். 1 ஜிபிக்குக் குறைந்த ரேமில் மட்டும் வேண்டாம். இங்கே ஆப்ட்டின் வேலையைச் செய்யும் டிஎன்எஃப், பேக்கேஜ் பட்டியலை இறக்கும்போதே நினைவகம் போதாமல் "கில்டு" என்று நின்றுவிடும்.

டெபியன் பக்கமிருந்து வருபவரை முதலில் தடுமாற வைப்பது எஸ்இலினக்ஸ், ஒவ்வொரு நிரலும் என்ன செய்யலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அடுக்கு. உங்கள் பைத்தான் ஆப் உள்ளே 8000ஆவது போர்ட்டில் ஒழுங்காக ஓடுகிறது, என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கும் சரி, ஆனால் உலாவியில் 502 பிழை. எரர் லாகில் பார்த்தால் எண் 13, அனுமதி மறுக்கப்பட்டது என்று இருக்கும். ஃபைல் அனுமதிகளை மாற்றி மாற்றிப் பார்த்து அரை நாள் போகும். உண்மையில் வெப் சர்வர் தானாக வேறு போர்ட்டுக்கு இணைப்புப் போடக்கூடாது என்று எஸ்இலினக்ஸ் தடுத்திருக்கிறது, எச்டிடிபிடி கேன் நெட்வொர்க் கனெக்ட் என்ற சுவிட்சை நிரந்தரமாக ஆன் செய்தால் உடனே சரியாகிவிடும். தயவுசெய்து எஸ்இலினக்ஸையே அணைத்துவிடாதீர்கள். யாராவது உங்கள் வேர்ட்பிரஸ் செருகுநிரல் வழியாக உள்ளே வந்தால் மேற்கொண்டு நகரவிடாமல் பிடித்து நிறுத்துவது அதுதான்.

இரண்டில் எது என்றால், 2023 ஜூனில் ரெட் ஹாட் தன் மூல நிரலைப் பொதுவில் வைப்பதை நிறுத்தியதும் இரண்டும் பிரிந்த பாதையில் போயின. ராக்கி அச்சு அசலாக ரெட் ஹாட் லினக்ஸ் மாதிரியே இருக்கப் பார்க்கிறது, ஆல்மா அதில் ஓடும் நிரல்கள் இதிலும் ஓடினால் போதும் என்கிறது. 10ஆம் வெளியீட்டில் ஒரு நடைமுறை வித்தியாசம் உண்டு: ரெட் ஹாட் 10உம் ராக்கி 10உம் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி உள்ள சிபியு கேட்கின்றன, பழைய சிபியுக்கென்று ஆல்மா தனியாக ஒன்று தருகிறது. மலிவான வாடகை மெஷின் என்றால் சிபியு விவரத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆல்பைன்

ரொம்பச் சின்னது, சுத்தமானது, 256 எம்பி ரேமில் நிலையான பக்கங்கள் மட்டும் தரும் தளத்துக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் வழக்கமான ஜிலிப்சிக்குப் பதில் மஸ்ல் என்ற வேறு சி நூலகத்தை (மற்ற நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை நிரல் தொகுப்பு) பயன்படுத்துகிறது, அதன் விளைவு நாம் எதிர்பார்க்காத இடத்தில் வந்து நிற்கும். தமிழ்த் தளம் நடத்துபவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நூலகப் பட்டியலை ஒரு சோதனைக்காக ஆல்பைனில் போஸ்ட்கிரஸ் போட்டு ஏற்றிப் பார்த்தேன். எல்லாம் ஓடியது. அகர வரிசையில் கேட்டால் மனம், மறை, மலர், மழை என்று வந்தது. நம் வரிசைப்படி மலர், மழை, மறை, மனம் என்றுதான் வர வேண்டும், ஏனென்றால் ல, ழ, ற, ன. யூனிகோடில் ன என்பதை ந பக்கத்திலும், ற என்பதை ர பக்கத்திலும் வைத்திருக்கிறார்கள். மஸ்ல் நூலகத்தில் மொழிவாரி வரிசைப்படுத்தும் வேலையே இல்லாததால் யூனிகோடு எண் வரிசை அப்படியே வெளியே வந்துவிட்டது. போஸ்ட்கிரஸில் ஐசியு என்ற மொழிவாரி வரிசை முறையைச் சொல்லி டேட்டாபேஸை உருவாக்கினால் சரியாகிவிடும். ஆனால் ஒரு நூலகர் கண்ணில் பட்ட பிறகுதான் இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன. எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் இந்த நாலு சொல்லை உள்ளே போட்டு வரிசைப்படுத்திப் பாருங்கள்.

ஃபெடோரா, ஆர்ச் இரண்டும் மேசைக் கணினிக்கு அருமை. யாரும் தினமும் பார்க்காத சர்வருக்கு வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறையாவது முழு அப்கிரேட் கேட்கும் ஒன்றையும், எப்போது வேண்டுமானாலும் எல்லாம் மாறும் ஒன்றையும் அங்கே வைத்துவிட்டுத் தூங்க முடியாது.

மூன்றாம் படி: ஒரு மாலை நேரச் சோதனை

மனதில் இரண்டு பெயர் நின்றால் இரண்டையும் வாடகைக்கு எடுங்கள். பல இடங்களில் மணிக்கணக்கில் வாடகை உண்டு, ஒரு மாலைக்கு ஒரு டீ செலவுகூட ஆகாது. லாகின் ஆனதும் எதையும் நிறுவாமல் ரேம் எவ்வளவு காலியாக இருக்கிறது, டிஸ்க்கில் எவ்வளவு போயிருக்கிறது, எந்தெந்த போர்ட் வெளியே திறந்திருக்கிறது என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மெஷினை வாடகைக்கு விடுபவர்கள் தரும் இமேஜில் (தயாராக நிறுவப்பட்ட லினக்ஸ் நகல்) அவர்களுடைய கண்காணிப்பு நிரல்கள் கூடவே வரும், ஒரே டிஸ்ட்ரோ இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கும். அப்புறம் உங்கள் தளத்தின் உண்மையான பேக்கப்பை ஏற்றுங்கள், வெறும் வணக்கம் சொல்லும் பக்கத்தை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. கடைசியாக ரீபூட் செய்யுங்கள். டெபியன் குடும்பத்தில் ஒரு சர்வீஸை நிறுவினாலே ஓடத் தொடங்கிவிடும், ஆல்மா குடும்பத்தில் நீங்கள் எனேபிள் செய்திருக்க வேண்டும். ரீபூட்டுக்குப் பிறகு தளம் தானாக எழுந்து வருகிறதா என்பதில் மறந்துபோனது எல்லாம் வெளியே வந்துவிடும்.

இதையெல்லாம் செய்ய நேரமில்லை, ஒரு பெயர் சொல்லுங்கள் போதும் என்பவருக்கு: டெபியன் ஸ்டேபிள்.

நாலாம் படி: முதல் ஒரு மணி நேரம்

எஸ்எஸ்எச் சாவியை ஏற்றி, பாஸ்வேர்ட் லாகினை நிறுத்துங்கள். நிறுத்திவிட்டதாக நம்பி விட்டுவிடாதீர்கள். எஸ்எஸ்எச்சின் சர்வர் நிரலான எஸ்எஸ்எச்டியின் முதன்மை கான்ஃபிக் ஃபைல் தன் முதல் வரிகளிலேயே பக்கத்து ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்களை உள்ளே இழுக்கிறது, ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் முதலில் படித்ததுதான் செல்லும். பல இமேஜ்களில் 50 என்று தொடங்கும் கிளவுட்-இனிட் (மெஷினை முதலில் அமைக்கும் கருவி) ஃபைல் ஒன்று அங்கே "பாஸ்வேர்ட் ஆம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். நீங்கள் கீழே எழுதிய "இல்லை" என்பதை யாரும் படிப்பதில்லை. 01 என்று தொடங்கும் சொந்த ஃபைலில் எழுதுங்கள். எஸ்எஸ்எச்டியை பெரிய எழுத்து டி (-T) ஆப்ஷனோடு ஓட்டினால் உண்மையில் எது அமலில் இருக்கிறது என்று காட்டும், அதை நம்புங்கள். பழைய விண்டோவை மூடாமல் இன்னொரு விண்டோவில் லாகின் செய்து பார்த்த பிறகுதான் எழுந்திருக்க வேண்டும்.

ஃபயர்வாலில் எஸ்எஸ்எச்சுக்கும் வெப்புக்குமான போர்ட்கள் 22, 80, 443 மட்டும். டாக்கர் (நிரல்களைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் ஓட்டும் கருவி) பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: டாக்கர் வெளியே திறக்கும் போர்ட்டை யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் தடுக்காது, டேட்டாபேஸ் கன்டெய்னரை 127.0.0.1இல், அதாவது அதே மெஷினுக்குள், மட்டும் கேட்க வையுங்கள்.

1 ஜிபி ரேம் என்றால் 1 அல்லது 2 ஜிபிக்கு ஒரு ஸ்வாப் ஃபைல் (ரேம் நிரம்பினால் கைகொடுக்கும் டிஸ்க் இடம்). இமேஜ்களில் பெரும்பாலும் இருக்காது.

தானியங்கி பாதுகாப்பு அப்டேட்டுக்கு டெபியனிலும் உபுண்டுவிலும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ், ஆல்மாவில் டிஎன்எஃப் ஆட்டோமேட்டிக். இருக்கிறதா, ஓடுகிறதா, இரண்டையும் பாருங்கள். புதுக் கெர்னல் வந்தாலும் ரீபூட் ஆகாமல் அது அமலுக்கு வராது, அதனால் தானியங்கி ரீபூட்டையும் ஆன் செய்யுங்கள். நேரம் போடும்போது சர்வரின் கடிகாரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கிறதா என்று பாருங்கள். ராத்திரி 2 மணி என்று நினைத்து 02:00 போட்டேன், விதைக் கடை காலை ஏழரைக்கு ரீபூட் ஆனது. நேர மண்டலத்தை ஆசியா கொல்கத்தா என்று மாற்றுங்கள், அல்லது கணக்குப் போட்டு எழுதுங்கள்.

எச்டிடிபிஎஸ்ஸுக்கான இலவச லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாளுக்குத்தான். செர்ட்பாட் தானே புதுப்பிக்கும், ட்ரை ரன் (ஒத்திகை) ஒருமுறை ஓட்டி அது நடக்குமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் முடிவுத் தேதி. அதற்கு ஆறு மாதம் முன்னதாக மொபைல் காலண்டரில் ஒரு நினைவூட்டல் போடுங்கள், கூடவே பார்த்துக்கொள்ளும் இன்னொருவர் மொபைலிலும். டெபியனில் ஒரு வெளியீட்டைத் தாண்டிக் குதிக்க முடியாது, 11இல் இருந்தால் 12, பிறகுதான் 13. ஆல்மா குடும்பத்தில் எலிவேட் என்ற கருவி உண்டு, இருந்தாலும் சின்ன சர்வருக்குப் புது மெஷின் எடுத்து பேக்கப்பை ஏற்றி மாறுவதையே நான் விரும்புகிறேன், ஏதாவது தவறினால் பழையது அப்படியே இருக்கும். அந்தப் புது மெஷினில் பேக்கப் முழுதாக ஏறி, மலர், மழை, மறை, மனம் சரியான வரிசையில் வந்து, ஒரு ரீபூட்டும் தாண்டிய பிறகு டொமைனை அந்தப் பக்கம் திருப்புங்கள்.